கொண்டச்சிச் சலாபமும் நிலையாமையை எதிர்கொள்ளும் நெறியும்

உழவன் வானத்தை நோக்கி விதைக்கின்றான். வணிகன் சந்தையை நோக்கிப் பொருள் சேர்க்கின்றான். மாணவன் தேர்வை நோக்கிக் கற்கின்றான். மூவர்க்கும் எண்ணியது எண்ணியவாறே முடியும் என்னும் உறுதி இல்லை. ஆயினும் மூவரும் தத்தம் தொழிலைக் கைவிடுவதில்லை. உறுதியில்லாத ஒன்றை நம்பி உறுதியுடன் உழைப்பது எங்ஙனம்? விழா மலரொன்றில் வெற்றிகளையே எடுத்துப் பேசுதல் மரபு. எனினும், கல்லூரி வாயிலைக் கடந்து செல்லும் இளைஞர்க்கு வெற்றியினும் முன்னதாக வந்து எதிர்ப்படுவது பெரும்பாலும் தடையே. ஆதலின், அவ்வினாவை நம் நாட்டுக் கடற்கரை ஒன்றின் வரலாற்றைக்கொண்டு ஆராய்வோம்.

மன்னார் மாவட்டத்தின் பெருநிலக் கரையில், அரிப்புக்குத் தெற்கே கிடப்பது கொண்டச்சிக் குடா. அதனை அடுத்துள்ளது சிலாவத்துறை. முத்துக்குளிப்பைக் குறிக்கும் சலாபம் என்னும் சொல்லடியாகவே அப்பெயர் பிறந்தது என்பர். மணலும் முட்புதரும் நிறைந்த இக்கரை, சலாபம் கூடிய ஆண்டுகளில் சில கிழமைகளுக்குள் பெருநகராக மாறிற்று. கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் குளிகாரர் வந்தனர். பல நாட்டு வணிகர் கூடினர். சலாபம் முடிந்ததும் ஓலைக் கொட்டில்கள் மறைந்தன. மணல் மீண்டும் மணலாயிற்று. 1803இல் வெளிவந்த பேர்சிவலின் நூலும், 1807இல் வெளிவந்த கோடினரின் நூலும் இக்காட்சியை விரித்துரைக்கின்றன.

இக்கடலின் கொடையைப் போலவே அதன் மறுப்பும் பெரிது. ஆங்கிலேயர் கரையோரத்தைக் கைப்பற்றியபின் 1796, 1797, 1798 ஆகிய மூன்றாண்டுகளும் அடுத்தடுத்துச் சலாபம் நடத்திப் பெரும்பொருள் ஈட்டினர். 1799இலோ வருவாய் மிகச் சுருங்கிற்று. தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் சலாபத்தை மேற்பார்வையிடுதற்பொருட்டு அரிப்பில் எழுப்பிய டொறிக் மாளிகை இன்று கடலரிப்புக்கு இரையாகும் இடிபாடாய் நிற்கின்றது. 1837க்குப் பின் 1855 வரை சலாபமே இல்லை. 1863க்குப் பின் 1874 வரையும் அவ்வாறே. 1891இல் வளமான சலாபம் ஒன்று நிகழ்ந்தது. அதன்பின் 1903 வரை கடல் வாய் திறக்கவில்லை.

காரணம் யாது? சிப்பியின் இளங்குஞ்சு சில காலம் நீரில் மிதந்து திரிந்து, பின்னரே கடலடியிலுள்ள பாறைப்பாங்கான ‘பார்’களிற் பற்றிக்கொள்கின்றது. குளித்தற்கேற்ற முதிர்ச்சியடைய அதற்கு நான்கைந்து ஆண்டுகள் வேண்டும். அக்காலத்துள் நீரோட்டம் அதனை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லலாம். பெயரும் மணல் மூடலாம். திருக்கை மீனும் நட்சத்திர மீனும் தின்னலாம். நெரிசலாலேயே ஒரு பகுதி மடியலாம். 1902இல் அரசின் அழைப்பின்பேரில் வந்த பேராசிரியர் ஹேர்ட்மன், தம் உதவியாளர் ஹோர்னெலுடன் இப்பார்களை ஆராய்ந்தார். பெரியபாரில் இளஞ்சிப்பிகள் திரள்திரளாகத் தோன்றுவதையும் பின்னர் மறைந்துபோவதையும் கண்ட கடற்றொழிலாளர், அவை மற்றைப் பார்களுக்குச் சென்று வளர்கின்றன என்று கருதி அதனைத் ‘தாய்ப் பார்’ என வழங்கினர். ஹேர்ட்மனோ, தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பே அவற்றை மீண்டும் மீண்டும் வாரிச்சென்று அழிக்கின்றது என்று கண்டார். மிகுதியாகத் தோன்றுவது வேறு, நிலைத்து முதிர்வது வேறு என்பதனைப் பெரியபார் உணர்த்துகின்றது. தொடக்கத்திற் காணும் செழிப்பைக்கொண்டு முடிவைக் கணக்கிடுதல் கூடாது.

இத்துணை நிலையாத ஒரு தொழிலில் மக்கள் நூற்றாண்டுக் கணக்காக எவ்வாறு ஈடுபட்டனர் என்பதே நாம் கூர்ந்து நோக்கத்தக்கது. முதலாவது, அவர்கள் அளந்தறிந்த பின்னரே இறங்கினர். சலாபத்துக்கு முன்னர்ப் பார்கள் சோதிக்கப்பட்டன. மாதிரிக்கு எடுத்த சிப்பிகளைத் திறந்து, கிடைத்த முத்துக்களைத் துளையிட்ட பித்தளைத் தட்டுகளாற் சலித்துத் தரம் பிரித்து மதிப்பிட்டனர். அம்மதிப்பு நன்றாயின் மட்டுமே சலாபம் அறிவிக்கப்பட்டது. இரண்டாவது, அவர்கள் இடரைப் பங்கிட்டனர். குளிகாரர் பெற்றது நாட்கூலியன்று. தாம் எடுத்த சிப்பியில் ஒரு பங்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மூன்றிலொன்று. மிகுதி கிடைத்தால் இருவர்க்கும் மிகுதி. குறைந்தால் இருவர்க்கும் குறைவு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போயிற்று. திறவாத சிப்பியினுள் ஆணிமுத்து உண்டோ, வெறுந்தசையே உண்டோ என்பதனை ஏலம் கேட்டோர் எவரும் அறியார். ஆயினும் எத்தனை ஆயிரம் வாங்குவது என்பது அவரவர் கையில் இருந்தது. அறியாமையை நீக்க இயலாதவிடத்து, அதற்குக் கொடுக்கும் விலைக்கு எல்லை வகுத்தனர்.

இந்நெறியினின்று விலகியதன் விளைவையும் இதே கடல் காட்டிற்று. 1903, 1904 ஆகிய ஆண்டுகளிற் சலாபம் சிறந்தது. 1905இலோ எட்டுக் கோடிச் சிப்பிகள் வரையில் எடுக்கப்பட்டன. அரசினர் பெற்ற வருவாய் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. இவ்வளத்தைக் கண்டு மயங்கிய முதலீட்டாளர், இலங்கை முத்துக்குளிப்போர் கம்பெனி என்னும் நிறுவனத்தின்வாயிலாக 1906 முதல் 20 ஆண்டுகளுக்கு இப்பார்களைக் குத்தகையாகப் பெற்றனர். ஆண்டுக் குத்தகை 3,10,000 ரூபா. 1906இலும் 1907இலும் சலாபம் நடந்தது. அதன்பின் பார்கள் வெறுமையாயின. கடல் தராத ஆண்டிலும் குத்தகைப் பணம் நின்றபாடில்லை. தவணையின் பாதிக்காலமும் நிறையுமுன் அக்கம்பெனி கலைந்தது.

அக்கம்பெனியாரிடம் மூலதனம் இல்லையா? இருந்தது. அறிவியல் துணை இல்லையா? அதுவும் இருந்தது. எனின், பிழை யாது? நிலையாத வருவாயின்மேல் நிலைத்த கடனை ஏற்றியமையே பிழை. சில நல்லாண்டுகளை எல்லா ஆண்டுகளுக்கும் அளவுகோலாகக் கொண்டனர். சில ஆண்டுகளுக்கு முன்னரே முடிந்திருந்த நீண்ட வறட்சி ஏடுகளில் எழுதப்பட்டிருந்தும், அதனை எண்ணிப் பார்த்திலர்.

பின்னர் வந்த தடையோ எவரும் எதிர்பாராத திசையினின்று வந்தது. 1925இல் மீண்டும் ஒரு சலாபம் நிகழ்ந்தது. ஆயின், அதற்குள் யப்பானில் மிக்கிமோட்டோ முதலியோர் முயற்சியால் வளர்ப்பு முத்துக்கள் உலகச் சந்தையிற் புகுந்துவிட்டன. இனி, பாரிற் சிப்பி நிறைந்தாலும் பழைய விலை கிடைப்பது அரிது. எதிர்க்கரையில், தூத்துக்குடியில், 1955 முதல் 1961 வரை நிகழ்ந்த சலாபங்களோடு அங்கும் அத்தொழில் ஓய்ந்தது. எனினும் அத்தூத்துக்குடியிலேயே 1973இல் இந்திய ஆராய்ச்சியாளர் சிப்பியினுள் முத்தை வளர்ப்பதில் வெற்றி கண்டனர். கடலிடம் கேட்டுக் காத்திருந்த நிலை போய், முயன்று விளைக்கும் நிலை வந்தது. ஒரு தொழில் அழியுமிடத்து அதனைச் சார்ந்த அறிவும் உடனழிதல் வேண்டும் என்பதில்லை.

இவ்விடத்து ஒன்றனைத் தெளிவாகக் கூறுதல் கடன். எல்லா இழப்பும் ஒரு தன்மையன அல்ல. 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அப்போது கொண்டச்சியை உள்ளிட்ட முசலிப் பகுதி மக்களும் தம் வீடும் நிலமும் துறந்து, புத்தளம் முதலிய இடங்களில் நெடுங்காலம் அகதிகளாய் வாழ நேர்ந்தது. 2009இற் போர் முடிந்த பின்னரே பலர் திரும்பிவந்து, காடு மூடிய நிலத்தைத் திருத்தத் தொடங்கினர். இதனை முன்னறிவின்மையால் வந்த இழப்பு என்று எவரும் கூறார். கூறின் அது அறமன்று. கணக்கிட்டுத் தவிர்க்கக்கூடிய இழப்பு ஒன்று. பிறர் இழைத்த தீங்கால் நேர்வது மற்றொன்று. முன்னதற்கு விழிப்பு வேண்டும். பின்னதற்கு நீதியும் அயலவரின் துணையும் வேண்டும். துன்புற்றவனை நோக்கி ‘முன்னரே எண்ணியிருக்கலாமே’ என்று அறிவுரை கூறப் புகுவோர், அவன் இழப்பு இவ்விரண்டனுள் எதுவென்று முதலில் அறிதல் வேண்டும்.

திருக்குறட் பொருட்பாலின் அரசியல் இயலை நோக்குவார்க்கு ஓர் ஒழுங்கு புலனாகும். தெரிந்து செயல்வகை 47ஆம் அதிகாரமாகவும், வலியறிதல் 48ஆம் அதிகாரமாகவும் வருகின்றன. இடுக்கணழியாமையோ 63ஆம் அதிகாரமாய் அவ்வியலின் இறுதியில் நிற்கின்றது. ஆராய்தலும் தன் அளவறிதலும் முன்னே, உளந்தளராமை பின்னே. அளவறியாது கடன்பட்டவனுக்கு மனத்திண்மை ஒன்றே துணையாகாது. அளவறிந்தும் வீழ்ந்தவனுக்கோ அம்மனத்திண்மையே எஞ்சிய முதலாகும்.

ஆதலின், வணிகம் தொடங்கும் பழைய மாணவர் நல்லாண்டின் வருவாயைக்கொண்டு தவணைக் கடனை வரையறுத்தல் வேண்டா. தாங்கக்கூடிய தீய ஆண்டைக்கொண்டே வரையறுப்பாராக. கூட்டாகத் தொழில் செய்வோர், ஊதியத்தைப் போலவே இழப்பையும் எவ்வாறு பகிர்வது என்பதனைத் தொடக்கத்திலேயே பேசி எழுதிக்கொள்வாராக. தேர்வில் ஒருமுறை தவறிய மாணாக்கர், திறந்த ஒரு சிப்பியில் முத்தில்லை என்பதுகொண்டு பார் முழுவதும் வெறிது என்று முடிவு செய்யாதிருப்பாராக. ஆசிரியராகிய நாமும், இளங்குஞ்சுகளின் திரளைக் கண்டு மகிழ்வதோடு அமையாது, அவை முதிரும்வரை காக்கும் கடமையை மறவாதிருப்போம். கடல் தருவதும் மறுப்பதும் நம் கையில் இல்லை. எத்துணை ஆழத்துக்கு இறங்குவது, எவ்வளவு கடனோடு இறங்குவது, கரையில் யாரை நம்பிக் கயிற்றைக் கொடுப்பது என்பன நம் கையில் உள்ளன.