இத்தாலி இறைச்சி ஆணம்: ஹலாலாக நம் வீட்டு அடுப்பில்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை வீடுகளில் மக்ரோனி இப்போது புதிய உணவல்ல. மத்திய கிழக்கில் வேலை பார்த்துத் திரும்பிய சகோதரிகள் பலர் அதைச் சமைக்கப் பழகி வந்தார்கள். பிள்ளைகளுக்கும் அதில் கொள்ளை ஆசை. அதன் மேல் ஊற்றும் இத்தாலி இறைச்சிக் குழம்புக்கு 'ராகு' என்று பெயர். பொலோஞ்ஞா நகரத்து ராகுதான் உலகப் புகழ் பெற்றது.

இத்தாலியச் சமையல் கழகம் 1982 இல் இதன் செய்முறையை அந்நகர வர்த்தக சம்மேளனத்தில் பதிவு செய்தது. 2023 இல் திருத்திப் பதிந்தது. இரண்டிலுமே நமக்கு ஆகாத இரு பொருட்கள் உள்ளன. ஒன்று 'பன்சேட்டா' எனும் பன்றி இறைச்சி. மற்றது வைன்.

"நெடுநேரம் கொதித்தால் மது ஆவியாகிவிடும்தானே?" என்று சிலர் கேட்பதுண்டு. அது முழு உண்மையல்ல. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணைப்படி, மெல்லக் கொதிக்கும் உணவில் சேர்த்த மதுவில் ஒரு மணித்தியாலத்தின் பின் 25 வீதமும், இரண்டரை மணித்தியாலத்தின் பின்னும் 5 வீதமும் எஞ்சுகின்றன. எனவே போத்தலிலும் டின்னிலும் வரும் சோஸ் வாங்கும்போது, சேர்மானப் பட்டியலை வாசிக்காமல் கூடையில் போடாதீர்கள் சகோதரிகளே!

வீட்டில் செய்வது கடினமல்ல. பொறுமைதான் வேண்டும்.

தேவையானவை: அரைத்த மாட்டிறைச்சி 500 கிராம், சிறிது மாட்டுக் கொழுப்பு, பெரிய வெங்காயம் 1, கறட் 1, செலரித் தண்டு 1, பழுத்த தக்காளி 4, பசுப்பால் 1 கோப்பை, எண்ணெய் 3 மேசைக்கரண்டி, தேசிக்காய்ச் சாறு 1 மேசைக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள்.

அடிகனமான சட்டியில் எண்ணெயும் கொழுப்பும் சூடானதும், பொடியாக வெட்டிய வெங்காயம், கறட், செலரி மூன்றையும் சிறு நெருப்பில் பத்து நிமிடம் வதக்குங்கள். இறைச்சியைப் போட்டு, நீர் வற்றிச் சடசடவென்று சத்தம் வரும்வரை கிளறுங்கள். நிறமும் மணமும் இங்கேதான் பிறக்கின்றன. வைனுக்குப் பதில் தேசிக்காய்ச் சாறு விடுங்கள். பிறகு அரைத்த தக்காளி, உப்பு, ஒரு கோப்பை சுடுநீர் சேர்த்து, மூடியைச் சற்றுத் திறந்து வைத்து, இரண்டரை முதல் மூன்று மணித்தியாலம் மெல்லக் கொதிக்க விடுங்கள். வற்றினால் சுடுநீர் விடலாம். கடைசி அரை மணித்தியாலத்தில் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றி, மிளகுத்தூள் தூவி இறக்குங்கள்.

இவ்வளவு நேரம் எதற்கு? இறைச்சியின் நார்களைப் பிணைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம், மெல்லிய சூட்டில் நேரம் செல்லச் செல்ல ஜெலட்டினாக இளகுகிறது. ஆகவே விலை குறைந்த கால், கழுத்துப் பகுதி இறைச்சியே இதற்கு மிகப் பொருத்தம். ஹஜ்ஜுப் பெருநாளில் வீட்டுக்கு வரும் இறைச்சியிலும் செய்யலாம். கேஸ் செலவுக்கு அஞ்சுபவர்கள், பகற்சோறு ஆக்கிய விறகடுப்புத் தணலில் சட்டியை ஏற்றி வையுங்கள்.

ஆக்கியதை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் இருக்கும். மக்ரோனிக்கு மட்டுமல்ல, பாணுக்கும் இடியப்பத்துக்கும் கூட இது நல்ல சோடி. பிற நாட்டுச் சுவையை வெறுக்கத் தேவையில்லை. நமக்கு ஆகாததை நீக்கிவிட்டு, நல்லதை நம் அடுப்புக்குக் கொண்டு வருவோம்.