இணையக் களத்தில் இணையர்

பலர் தத்தம் வீட்டுக் கணினியிலிருந்தே ஒரு கற்பனை உலகுக்குள் நுழைந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேசியும் சேர்ந்து போரிட்டும் ஆடுவதே இணையவழிக் கூட்டு விளையாட்டு. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா எழுதத் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் விரிவாக்கிய 'மட்' என்னும் விளையாட்டில் படமே கிடையாது; எல்லாம் எழுத்துதான். 2004 நவம்பரில் பிளிசார்டு நிறுவனம் வெளியிட்ட 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' அவ்வெண்ணத்தை மலையும் காடும் நகரமுமாக விரித்துக் காட்ட, 2010இல் அதன் சந்தாதாரர் தொகை 1 கோடியே 20 லட்சத்தைத் தொட்டது. இத்தனை பேர் ஆடினால், அவர்கள் வீடுகளில் ஆடாத துணை ஒருவர் காத்திருப்பதும் தவிர்க்க முடியாதது. 1999இல் வந்த 'எவர்குவெஸ்ட்' காலத்திலேயே, திரைக்குள் மூழ்கிவிட்ட கணவனால் தனித்துவிடப்பட்ட மனைவியர் தங்களை 'எவர்குவெஸ்ட் விதவைகள்' என்று சொல்லிக்கொண்டனர்; அச்சொல்லில் உள்ள வேதனையை எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 349 தம்பதியரிடம் விசாரித்து 2012இல் வெளியிட்ட ஆய்வு, ஆடும் நேரத்தின் அளவைவிட, ஆட்டத்தால் இருவரும் ஒன்றாகப் படுக்கப் போக முடியாததும் அதையொட்டி எழும் சச்சரவுமே இல்லற நிறைவைக் குலைக்கின்றன என்று கண்டது. இருவருமே ஆடுகிற வீடுகளில் 76 விழுக்காட்டினர் விளையாட்டால் தம் உறவுக்கு நன்மையே விளைந்ததாகக் கூறினர். ஆயினும் சேர்ந்து ஆடினாலே உறவு சீராகிவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது; துணை பங்கேற்கும் விதம் மற்றவருக்கு மனநிறைவு தந்தால்தான் அந்த நன்மை கிட்டியது.

அந்த மனநிறைவு முதல் சில வாரங்களிலேயே பெரும்பாலும் உறுதியாகிவிடுகிறது. நெடுநாள் ஆடியவருக்கு மூச்சுவிடுவதுபோல் ஆகிவிட்ட ஒன்று, புதிதாக உட்காருபவருக்கு இரு கைகளின் போராட்டமாக இருக்கும்: இடக்கை விசைப்பலகையில் நடையைக் கவனிக்க, வலக்கை மவுஸைத் திருப்பிப் பார்வையைக் கவனிக்க வேண்டும், இரண்டும் ஒத்துவராதபோது பாத்திரம் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும், திரையில் வானம் மட்டும் தெரியும். அவ்வேளையில் பக்கத்தில் இருப்பவர் பொறுமையிழந்து மவுஸைப் பிடுங்கிக்கொள்வதுதான் பெரும்பிழை. ஏனெனில் அன்றே புதியவர் ஆட்டக்காரர் என்ற நிலையிலிருந்து வேடிக்கை பார்ப்பவராகிவிடுகிறார்.

பங்குகளைப் பிரித்துக்கொள்ளும் முறையும் இங்கே முக்கியம். 'வார்கிராஃப்ட்' நிலவறைக்குள் ஐவர் குழுவாக இறங்கும்போது, ஒருவர் எதிரியின் அடிகளையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொள்வார். அவருக்கு 'டேங்க்' என்று பெயர். ஒருவர் காயம் ஆற்றும் 'ஹீலர்'. மற்ற மூவரும் தாக்குபவர்கள். காயம் ஆற்றுபவரின் கண் எதிரியின்மேல் இருப்பதைவிட, தோழர்களின் உயிர்வலுவைக் காட்டும் கோடுகளின் மேல்தான் இருக்கும். கோடு சுருங்கும்போதெல்லாம் அவர் மந்திரத்தை ஏவ வேண்டும். துணைக்கு எளிதாக இருக்கட்டும் என்று இப்பங்கைத் தள்ளிவிடும் வழக்கம் உண்டு. உண்மையில் ஒரு நொடி தவறினாலும் குழு மடியும் என்பதால் இது எளிய பங்கே அன்று. எதை ஆடுவது என்பதைத் துணையே தேர்ந்துகொள்ள விடுவதுதான் முறை.

அடுத்த இடர் நிலை வேறுபாடு. போரிட்டுப் பெறும் அனுபவப் புள்ளிகளால் பாத்திரம் படிப்படியாக 'லெவல்' உயரும். ஒருவர் இரவில் தனியே ஆடி 20 படி முன்னேறிவிட்டால், மறுநாள் இருவருக்கும் பொருந்தும் சவால் எதுவும் மிஞ்சாது. இக்குறையைப் போக்கவே 2019இல் 'வார்கிராஃப்ட்'டில், முன்னேறியவரின் வலுவைத் தாழ்ந்தவரின் நிலைக்குக் குறைத்து இருவரையும் சேர்த்து ஆடவைக்கும் வசதி வந்தது. அதைவிட, இருவரும் சேர்ந்திருக்கும்போது மட்டுமே ஆடவென்று ஒரு தனிப் பாத்திரத்தை வைத்துக்கொள்வது எளிய வழி.

போரும் கூட்டமும் ஒத்துவராதவர்களுக்கு, ஜோசப் ஃபாரஸ் இயக்கத்தில் ஹேஸ்லைட் நிறுவனம் உருவாக்கி 2021இல் வெளிவந்த 'இட் டேக்ஸ் டூ' சாலப் பொருந்தும். தனியாளாக இதை ஆடவே முடியாது. ஒருவர் வாங்கினால் மற்றவர் இணையம் வழியே இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம். மணமுறிவை நெருங்கிய கோடி, மே என்னும் தம்பதியர் பொம்மைகளாக மாறிவிடுவதுதான் கதை. ஓரிடத்தில் கோடியின் கையில் ஆணிகள் மட்டும், மேயின் கையில் சுத்தியல் மட்டும். கோடி ஆணியை எறிந்து சுவரில் பதிக்க, மே அதில் சுத்தியலை மாட்டி ஊஞ்சலாய் ஆடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். ஆணி பதியுமுன் மே பாய்ந்தால் பள்ளத்தில் விழுவாள்; சில நொடிகளில் திரும்ப வந்து நிற்பாள், கோடியும் மறுபடி ஆணியைக் குறிபார்ப்பான்.