தைம் எண்ணெயும் நுண்ணங்கிகளும்

தென் பிரான்சின் சுண்ணக்கற் குன்றுகளிலே தைம் என்னும் சிறு செடி தானாக வளர்கின்றது. அதன் இலையைக் கசக்கினாற் பல வேளைகளில் ஓமத்தின் மணமே எழும். அது தற்செயலன்று, இரண்டிலும் உள்ள தைமோல் என்னும் பொருளே அதற்குக் காரணம். இதனை 1719 இல் காசுபர் நொய்மன் என்னும் செருமானிய மருந்தியலறிஞர் தைம் எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தார்.

தைமோல் மூலக்கூற்றில் 10 காபன், 14 ஐதரசன், 1 ஒட்சிசன் அணுக்கள் உள. காவக்குரோல் என்னும் பொருளிலும் அவ்வளவே. ஐதரொட்சிற் கூட்டம் வளையத்தில் நிற்கும் இடம் மாத்திரம் வேறு. பீனோல் வகுப்பினவாகிய இவையிரண்டும் கொழுப்பிற் கரையும் இயல்பின. ஆதலின் பற்றீரியாவின் மென்சவ்வினுட் புகுந்து அதன் ஒழுங்கைக் குலைக்கின்றன. உள்ளிருக்கும் பொற்றாசிய அயன்கள் வெளியே கசிகின்றன, சத்தியை ஆக்குதற்கு வேண்டிய அயன் வேறுபாடு அழிகின்றது, கலம் மடிகின்றது. சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் சுதபிலோக்கொக்கசு இவற்றுக்கு எளிதில் இரையாகும். புறத்தே இன்னொரு சவ்வைக் கவசம்போல உடைய சூடோமோனசோ பெரும்பாலும் தப்பிவிடும்.

ஆயின் தைம் எண்ணெய் யாவும் வலிய கிருமிகொல்லி எனப் பொதுப்படக் கூறுதல் பிழையாம். பிரான்சிய தைம் செடியில் 6 இரசாயன வகைகள் அறியப்பட்டுள்ளன. தோற்றத்தில் அவை வேறல்ல. மரபினால் எண்ணெய் வேறு. ஒன்றில் தைமோல் மிகும். ஒன்றிற் காவக்குரோல் மிகும். மற்றொன்றில் பீனோல் அல்லாத இலினலூலே மிகும். இலினலூல் மிக்க எண்ணெயின் கிருமி கொல்லும் ஆற்றல் பொதுவாகக் குறைவு. செடியின் பெயரை மட்டும் எழுதி, எண்ணெயின் கூறுகளை அளந்து காட்டாத ஆய்வுரையினாற் பயன் சிறிதே. மேலும், ஏகர்த் தட்டிற் கண்ட வெற்றி உடலினுள்ளும் கிட்டுமென எண்ணலாகாது. உணவிலுள்ள கொழுப்புங்கூட இவ்வெண்ணெயின் வலியைக் குறைத்துவிடும்.

இவ்வகைகள் மண்ணிற் பரந்து கிடக்கும் முறையும் வியப்புக்குரியது. மொம்பெலியே நகருக்கு வடக்கேயுள்ள சென் மாட்டின் தெ லொந்தர் பள்ளத்தாக்கில் மாரிக்காலத்துக் குளிர்காற்று தாழ்நிலத்திலே தேங்கி நிற்கும். பீனோல் வகைச் செடிகள் கடுங்குளிரைத் தாங்கமாட்டா. எனவே அவை வறண்ட உயர்சரிவுகளையும், ஏனையவை தாழ்நிலத்தையும் பற்றி நின்றன. 1956 பெப்ரவரியில் அப்பகுதியை மிகக் கடுமையான உறைகுளிர் தாக்கிற்று. அதன்பின் மாரிகள் வெம்மையுற்றன. 1970களிற் பீனோல் வகைகள் காணப்படாத தாழ்நிலத்து இடங்கள் சிலவற்றில் அவை இப்போது முளைத்துள்ளன என 2013 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. முன்னர் அங்கே பறித்த இலையின் எண்ணெயும் இன்று பறிக்கும் இலையின் எண்ணெயும் ஒன்றாயிருக்குமெனக் கொள்வதற்கில்லை.