டப்ளினில் இருந்து வந்த ரக் ஆட்டக்காரர்

உருண்டைப் பந்து தரையில் மோதும்போது, தொடும் புள்ளி அதன் மையத்துக்கு நேர் கீழே இருக்கும். அது எங்கே எழும் என்று கண் முன்கூட்டியே கணித்துவிடும் (சுழற்பந்து வீச்சாளர்கள் மன்னிக்க). ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் பந்து இருபுறமும் நீண்டு ஒடுங்கியது. விழும் சாய்வைப் பொறுத்து, தொடும் புள்ளி மையத்துக்கு முன்னாலோ பின்னாலோ விலகிவிடும். அப்போது தரையின் எதிர்விசை பந்தை எழுப்புவதோடு நிற்காமல் சுழற்றியும் விடும். சாய்வு கொஞ்சம் மாறினாலும் நெஞ்சுக்கு வரவேண்டிய பந்து வேறு பக்கம் ஓடிவிடும். பந்தோடு ஓடுபவர் 15 மீட்டருக்கு ஒருமுறை அதைத் தரையில் தட்டியாக வேண்டும் என்ற விதி வேறு. ஆஸ்திரேலியப் பிள்ளைகளுக்கு இது நடை பழகும் வயதிலேயே கைவந்துவிடுகிறது.

ஜிம் ஸ்டைன்ஸ் இந்தப் பந்தைக் கையாளக் கற்றது 18 வயதுக்கு மேல். டப்ளின்காரர், உருண்டைப் பந்தால் ஆடும் கேலிக் கால்பந்தில் 1984இல் டப்ளின் இளையோர் அணியோடு அயர்லாந்துப் பட்டம் வென்றவர். திறமையுள்ள ஐரிஷ் இளைஞர்களைத் தேடிய மெல்பர்ன் கிளப் அவரை அழைத்துக்கொண்டது. உயரம் 199 சென்டிமீட்டர். அன்று நடுவர் தரையில் அடித்து எழுப்பிய பந்தைத் தாவித் தட்டிவிடும் 'ரக்' இடத்துக்கு ஏற்ற உடல்.

ஆனால் உதைப்பதைப் புதிதாகப் பயில வேண்டியிருந்தது. 'டிராப் பன்ட்' உதையில் பந்தை நிமிர்த்திப் பிடித்துக் கீழ்முனையில் உதைப்பார்கள். அது முனைக்கு மேல் முனையாகப் பின்னோக்கிப் புரண்டு பறக்கும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, அந்தப் புரளல் பந்தின் அச்சைக் கலையாமல் காக்கிறது. காலில் கோணல் பட்டால் பந்து தள்ளாடி இறங்கும்.

விதிகளும் இடறின. 1987 அரையிறுதி நிலை ஆட்டம். ஹாதார்ன் அணியை மெல்பர்ன் 4 புள்ளிகள் முந்தியிருந்தது. உதைக்கக் காத்திருந்த ஹாதார்ன் வீரர் கேரி பக்கனாராவின் எதிரே ஸ்டைன்ஸ் குறுக்கே ஓடினார். அது தவறு, தண்டனையாக உதைக்கும் இடம் 15 மீட்டர் முன்னே நகர்ந்தது. இறுதி மணிக்குப் பின் அடித்த அந்த கோலுக்கு 6 புள்ளிகள். மெல்பர்ன் 2 புள்ளிகளில் தோற்றது.

நான்கே ஆண்டுகளில், 1991இல், சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 1987 முதல் 1998 வரை இடைவிடாமல் 244 ஆட்டங்கள். தாவலும் மோதலுமே தொழிலாக உள்ள இடத்தில் ஆடியவருக்கு இது, என் கணக்கில், பதக்கத்தைவிடப் பெரிது.

2008இல் அவரே கிளப்பின் தலைவரானார். 1858இல் தோன்றிய மெல்பர்ன் கிளப்புக்கு அது 150ஆம் ஆண்டு. கடனோ ஏறத்தாழ 50 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். ஆதரவாளர்களிடம் நிதி திரட்ட இறங்கினார். 2009இல் புற்றுநோய் தெரியவந்தது. சிகிச்சைக்கு இடையிலும் பதவியை விடவில்லை. 2010 ஆகஸ்டில் கடன் தீர்ந்தது.

களத்தில் மட்டும் அணி எழவில்லை. 2011இல் ஜீலாங் அணியிடம் 186 புள்ளிகளில் தோற்றது. 2012 பிப்ரவரியில் விலகிய ஸ்டைன்ஸ், மார்ச் 20 அன்று 45 வயதில் இறந்தார். 1964க்குப் பிறகு மெல்பர்ன் மீண்டும் கோப்பையை வென்றது 2021இல்தான்.