திருமலைக் கடலின் நீலத் திமிங்கிலங்கள்

வாடைக்காற்று அடங்கிக் கடல் தெளியும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் திருகோணமலையின் கோணேசர் மலையில் நின்றே சில நாட்களில் நீலத் திமிங்கிலம் மூச்சு விடுவதைப் பார்க்கலாம். அந்த மூச்சு ஏறத்தாழ 9 மீட்டர் உயரத்துக்குப் பீச்சியடிக்கும். உலகின் மிகப் பெரிய விலங்கு கரைக்கு இவ்வளவு கிட்ட வரக் காரணம், கொட்டியாரக் குடாவில் தொடங்கித் துறைமுக வாயிலுக்கு வெளியே கிடுகிடுவென இறங்கும் ஆழ்கடல் பள்ளத்தாக்கு. திமிங்கிலத்தின் இரையோ சின்னஞ்சிறு இறால்கள். இரை ஆழத்தில் கிடப்பதால்தானோ என்னவோ, இங்குள்ளவை அடிக்கடி வாலைத் தூக்கிவிட்டு முங்குகின்றன. வேறு கடல்களில் அந்தக் காட்சி குறைவு.

1966இல் சர்வதேச திமிங்கில வேட்டை ஆணைக்குழு நீலத் திமிங்கிலத்தைக் கொல்வதை முற்றாகத் தடைசெய்தது. அதே 1960களில்தான் சோவியத் கப்பல்கள் வட இந்து சமுத்திரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றைக் கொன்று, பொய்க் கணக்குக் கொடுத்தன. உண்மைக் கணக்கை அந்நாட்டு விஞ்ஞானிகளே 1990களில் வெளியிட்டார்கள். தடை வந்ததால் மட்டும் களவு வேட்டை குறையவில்லை. 1972இல் பிறநாட்டுப் பார்வையாளர்கள் வேட்டைக் கப்பல்களில் ஏறிய பிறகே குறைந்தது.

1979இல் சீஷெல்ஸ் நாட்டின் முன்மொழிவுப்படி இந்து சமுத்திரமே திமிங்கிலச் சரணாலயமானது. சட்டம் அறிவியலுக்கும் வழி திறந்தது. அதுவரை திமிங்கில ஆய்வு பெரும்பாலும் அறுத்த உடலை அளப்பதுதான். 1982இல் 'துலிப்' என்ற பாய்க்கப்பல் உயிருள்ள திமிங்கிலங்களைத் தேடி வந்து, திருமலைக் கடலிலும் ஆய்வு செய்தது. நீலத் திமிங்கிலத்தின் முதுகிலுள்ள திட்டுகள் விலங்குக்கு விலங்கு வேறுபடும். படமெடுத்து வைத்தால் அடுத்த முறை அதே விலங்கை அடையாளம் காணலாம். உள்நாட்டு யுத்தத்தால் அந்த வேலை நின்றுபோனது.

இலங்கையில் இவற்றைக் காப்பது 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுகளுக்கு அதன் கீழ் 2012இல் ஒழுங்குவிதிகள் வந்தன: 100 மீட்டருக்குள் நெருங்கக்கூடாது. கிட்ட நின்று படமெடுக்கத்தானே பயணி காசு கொடுக்கிறார்! நடுக்கடலில் அந்த 100 மீட்டரை அளப்பது படகோட்டியின் கண் மட்டும்தான்.

வேட்டைக்காரனுக்குத் தண்டனை விதிக்கலாம். கப்பல் மோதிச் சாவதற்கு என்ன செய்வது? தெற்கே தெவுந்தர முனைக்கு அப்பால், திமிங்கிலங்கள் இரை தேடும் இடத்தை ஊடறுத்துப் போகிறது உலகின் மிக நெரிசலான கப்பற்பாதைகளில் ஒன்று. அதை 15 கடல்மைல் தெற்கே தள்ளச் சொன்னார்கள் ஆய்வாளர்கள். 2022இல் எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம், எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமலே, தன் கப்பல்களைத் தெற்கே விலக்கி ஓட்டத் தொடங்கியது.