எந்த லினக்ஸ் நமக்கு?

வடகிழக்குப் பருவமழை விடாது பெய்த ஒரு மாலை நேரம். எங்கள் தெருவில் வசிக்கும் பொறியியல் மாணவர் ஒருவர், தன் பழைய மடிக்கணினியைத் துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டு கேத்தியிலுள்ள என் வீட்டுக்கு வந்தார். "சார், இதில் விண்டோஸ் 11 ஏறாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். லினக்ஸ் போடலாம் என்றால், எதைப் போடுவது என்றே தெரியவில்லை. ஒரு வாரமாகப் படித்துக் குழம்பிவிட்டேன்" என்றார். பசுந்தேயிலை விலையை நம்பி வாழும் குடும்பம் அவருடையது. புதிய கணினி என்பது அவர்களுக்குப் பல மாத வருமானம்.

இது அந்த மாணவர் ஒருவரின் சிக்கல் மட்டுமன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். மாணவரின் கணினியில் இருப்பது ஏழாம் தலைமுறை. பொருள் தேயவில்லை, ஆனால் அதன் மதிப்பு தேய்ந்துவிட்டது.

லினக்ஸுக்கு விலையில்லை. ஆனால், தேர்வு செய்யும் உழைப்புக்கு விலை உண்டு. நூற்றுக்கணக்கான 'வழங்கல்'கள் கண்முன் நின்றால் யாருக்கும் தலைசுற்றும். உண்மையில் இவை அனைத்துக்கும் கரு ஒன்றுதான்: பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ். அதனுடன் திரைத்தோற்றம், செயலிகள், புதுப்பிக்கும் முறை ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டித் தருவதே வழங்கல். குடும்பங்களும் சிலவே. 1993-இல் தோன்றிய டெபியனின் வழியில் 2004-இல் உபுண்டு வந்தது. உபுண்டுவின் வழியில் 2006-இல் லினக்ஸ் மின்ட் வந்தது. ஃபெடோரா, ஆர்ச் ஆகியவை வேறு இரு குடும்பங்கள். மூலம் இதுவென்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்துக் கேட்க வேண்டியது, எவ்வளவு காலம் நிம்மதியாக இருக்கலாம் என்பது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கும் அவற்றையொட்டிய மின்ட் பதிப்புகளுக்கும் ஐந்தாண்டுகள் புதுப்பிப்பு கிடைக்கும். ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதங்களே. ஆர்ச்சில் பதிப்பு என்பதே இல்லை. புதுப்பிப்புகள் இடையறாது வந்துகொண்டே இருக்கும். புதுமையை விரும்புவோருக்கு அது வரம். மழை வலுத்தால் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போகும் எங்கள் ஊரில் அது சுமை. நினைவகம் 4 ஜிபி-தான் என்றால், எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய திரைத்தோற்றம் கொண்ட பதிப்பே நல்லது.

"விளையாட்டு ஓடுமா சார்?" என்று கேட்டார் மாணவர். பத்தாண்டுகளுக்கு முன்பென்றால், பெரும்பாலும் ஓடாது என்றே சொல்லியிருப்பேன். ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட புரோட்டான், விண்டோஸுக்காக எழுதப்பட்ட விளையாட்டுகளை லினக்ஸில் இயங்க வைக்கிறது. 2022-இல் அந்நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஸ்டீம் டெக்' என்னும் கையடக்கக் கருவியே ஆர்ச்சின் அடிப்படையில் அமைந்த லினக்ஸில்தான் இயங்குகிறது. டோட்டா 2, கவுன்டர் ஸ்ட்ரைக் 2 ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பே உண்டு. ஆனால் வேலரன்ட், ஃபோர்ட்நைட் போன்றவற்றை லினக்ஸில் விளையாட இயலாது. ஏமாற்றி ஆடுவோரைத் தடுக்கும் அவற்றின் காவல் மென்பொருள் அங்கே அனுமதிப்பதில்லை. எந்த வழங்கலை நிறுவினாலும் இதில் மாற்றமில்லை. ஆகவே முதலில் விளையாட்டைத் தெரிவு செய்யுங்கள், வழங்கல் பிறகு. என்விடியா வரைகலை அட்டை இருப்பின், அதற்கான இயக்கியை எளிதில் நிறுவித் தரும் வழங்கலைப் பாருங்கள். வரைகலை வன்பொருள் மிகப் பழையதாயின், எந்த மென்பொருளும் அதை இளமையாக்காது.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்றுண்டு. பழுது வந்தால் யாரிடம் கேட்பது? 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்த்தே வழங்கப்பட்டது. அதுவும் டெபியன் குடும்பமே. குறை சொல்லும்படியான மென்பொருளன்று. ஆயினும் நான் அறிந்த மாணவர்களில் அதைத் திறந்து பார்த்தவர்கள் மிகச் சிலரே. எங்கள் ஆசிரியர்களுக்கே அது தெரியாது. அவர்களுள் நானும் ஒருவன். அண்டை மாநிலமான கேரளத்தில், பள்ளிகளுக்கென உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட வழங்கலை அரசு நிறுவனமான கைட் தயாரிக்கிறது, ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கிறது, பாடநூலும் அதையொட்டியே அமைகிறது. நாம் கணினிக்குள் லினக்ஸை வைத்தோம். அவர்கள் வகுப்பறைக்குள் வைத்தார்கள். வேறுபாடு மென்பொருளில் இல்லை. அதைச் சூழ்ந்துள்ள மனிதர்களில் இருக்கிறது.

முடிவெடுப்பது குறித்த ஆய்வுக்காக 1978-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், மனிதர்கள் மிகச் சிறந்ததைத் தேடிக்கொண்டே இருப்பதில்லை, போதுமான அளவு நல்லது கிடைத்ததும் நிறுத்திக்கொள்கிறார்கள் என்றார். கேத்திப் பள்ளத்தாக்கின் உருளைக்கிழங்கு விவசாயிக்கு இதை யாரும் கற்பிக்கத் தேவையில்லை. விதைக்கிழங்கு வாங்கும்போது உலகிலுள்ள இரகங்களையெல்லாம் அவர் ஒப்பிடுவதில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் எதை நட்டார், அது கருகல் நோயைத் தாங்கிற்றா, அடுத்த போகத்துக்கும் விதை கிடைக்குமா என்ற மூன்றே கேள்விகள்தான்.

மாணவரிடமும் அதையே கேட்டேன். அவருடைய வகுப்புத் தோழர்கள் இருவர் மின்ட் பயன்படுத்துகிறார்களாம். அவர் விரும்பும் விளையாட்டு டோட்டா 2. அப்புறம் என்ன, மின்ட்தான்! முதலில் பென் டிரைவிலிருந்தே அதை இயக்கி வைஃபை, ஒலி, அச்சுப்பொறி எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்க்கச் சொன்னேன். கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்த பின்னரே நிறுவ வேண்டும் என்றும் வற்புறுத்தினேன். முதல் முயற்சியில் படியெடுக்காமல் நிறுவி, என் பல ஆண்டு விரிவுரைக் குறிப்புகளை ஒரே சொடுக்கில் இழந்தவன் நான்.

அந்த மடிக்கணினி இப்போது நன்றாக இயங்குகிறது. மாணவரின் தங்கை தமிழ்99 விசைப்பலகை முறையில் அதில் தட்டச்சுப் பழகுகிறாள். வேறொரு வழங்கலை நிறுவியிருந்தாலும் இது நடந்திருக்கும். ஆனால் தேடிக்கொண்டே இருந்திருந்தால், அது இன்றும் துண்டுக்குள்தான் கிடந்திருக்கும்.