இரண்டு ஆயாக்களின் பகல்பொழுது

செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் பாட்டியை ‘ஆயா’ என்றுதான் கூப்பிடுவார்கள். இன்று எழுபதைத் தொட்டிருக்கும் ஆயா, 1970களின் முற்பாதியில் மருமகளாக அந்த வீட்டு வாசலை மிதித்தவள். அப்போது அங்கே வேறொரு ஆயா இருந்தாள்: அவளுடைய மாமியார். ஒரே ஏரிக்கரை, ஒரே வீட்டுமனை, ஐம்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு முதுமைகள். மாமியாரின் முதுமை ஏரித் தண்ணீரின் கணக்கில் கழிந்தது. மருமகளின் முதுமை கம்பெனி பஸ்ஸின் கணக்கில் நடக்கிறது.

இதில் யார் கொடுத்துவைத்தவள் என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. மாமியாருக்குத் தேடாமலே துணை கிடைத்தது. கையில் காசில்லை, நினைத்த இடத்துக்குப் போக முடியாது. மருமகளுக்குக் காசும் பஸ்ஸும் கிடைத்தன, பேச்சுத்துணை குறைந்தது. முன்னவளுக்கு மறுக்கப்பட்டதையும் பின்னவளிடமிருந்து நழுவியதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வட்டாரத்தின் கதை முழுமையாகும்.

ஏரிக்கணக்கு

ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னைக்காரர்கள் மழைக்காலச் செய்தியில் கேட்கும் இந்த எண்கள், ஒரு காலத்தில் கரையோரக் கிராமங்களின் அடுப்பங்கரை விவகாரமாக இருந்தன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பினால் அந்த வருஷம் வீட்டில் நெல் உண்டு. நிரம்பாவிட்டால் கேழ்வரகும் கடனும்தான்.

நடவுக் காலத்தில் அந்தக் கால ஆயா சேற்றில் இறங்கமாட்டாள், இடுப்பு வளையாது. ஆனால் வரப்புக்குப் போகாமலும் இருக்கமாட்டாள். மரத்தில் கட்டிய தூளியில் கைக்குழந்தைகளை ஆட்டிக்கொண்டிருப்பாள். நடவுப் பாட்டில் முதல் அடியை அவள் எடுத்துக்கொடுக்க, குனிந்து நடுகிற பெண்கள் வாங்கிப் பாடுவார்கள். மத்தியானம் எல்லோருக்கும் கூழும் வெங்காயமும் சுட்ட கருவாடும். அதன் பிறகு வெற்றிலை. வேலை இல்லாத மாதங்களில் திண்ணையில் பல்லாங்குழி, தாயம், முறத்தில் அரிசி புடைத்தபடி ஊர்க்கதை. தெருவில் போகிறவர் யாரானாலும் “இன்னா ஆயா, சாப்ட்டியா?” என்று கேட்காமல் தாண்டமாட்டார்.

இந்தச் சித்திரத்தின் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். திண்ணை எல்லோருக்கும் வாய்க்கவில்லை. சொந்த நிலமில்லாத காலனிப் பெண்களுக்கு முதுமை என்று தனியாக ஒரு பருவமே கிடையாது. உடம்பு ஒத்துழைக்கும் கடைசி நாள் வரை அடுத்தவர் வயலில் களை பறித்தார்கள். ஊர்த் தெருவிலும் ஆயா கடைசியாகத்தான் சாப்பிட்டாள். புருஷன் போய்விட்டால் கல்யாணப் பந்தலில் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போனாள். பெற்று வளர்த்த பெண்ணின் நலங்குக்குக்கூட அவள் கைநீட்டக் கூடாது என்று சொன்ன காலம் அது. அன்றைய கூட்டத்தின் கதகதப்பை நினைத்து ஏங்குகிறவர்கள் இந்தக் கொடுமையையும் மறக்கக் கூடாது.

ஷிப்ட் கணக்கு

ஏரித் தண்ணீர் சென்னைக்குக் குடிநீரானது. இன்று ஏரியோரம் இருக்கும் சுத்திகரிப்பு நிலையம் ஒரு நாளைக்கு 530 மில்லியன் லிட்டர் வரை சுத்தம் செய்யக்கூடியது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தி தொடங்கி, ஆயிரக்கணக்கான இளம்பெண்களை வேலைக்கு எடுத்து, 2014-இல் மூடப்பட்டது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. சுங்குவார்சத்திரம் பக்கம் பாக்ஸ்கான் வளர்ந்தது. நஞ்சை மனையானது, மனையில் வாடகை அறைகள் எழுந்தன.

வீட்டின் நேரமும் மாறியது. இன்றைய ஆயாவின் மகனுக்கு ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட். அவன் மனைவிக்கு வேறு கம்பெனி, வேறு நேரம். விடியுமுன் கம்பெனி பஸ் வந்து நிற்கும். அதற்குள் டிபன் கேரியர் தயாராக வேண்டும். அதன் பிறகு பேரக்குழந்தையைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, பள்ளி வேனில் ஏற்ற வேண்டும். எல்லாம் முடிந்து ஆயா உட்காரும்போது உள் அறையில் இரவு ஷிப்ட் முடிந்து வந்த மகன் தூங்கிக்கொண்டிருக்கிறான். அவன் தூக்கம் கலையக் கூடாதென்று அவள் டிவி சத்தத்தைக் குறைக்கிறாள், மிக்ஸி போடுவதைத் தள்ளிவைக்கிறாள், வாசலில் யாராவது வந்தால் கையைக் காட்டி மெல்லப் பேசச் சொல்கிறாள். மாமியார் காலத்தில் பகல் என்றாலே பேச்சுச் சத்தம். மருமகள் காலத்தில் பகல் என்பது அடக்கி வாசிக்க வேண்டிய நேரமாகிவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு எளிதில் படாத இழப்பு இது.

சுருக்குப் பையும் பஸ்ஸும்

கிடைத்தவற்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். மாமியாரின் சுருக்குப் பையில் இருந்ததெல்லாம் வறட்டி விற்ற காசும் கீரை விற்ற காசும்தான். அரசு 1962-இல் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கியபோது அது மாதம் 20 ரூபாய். அதுவும் யாருமற்ற ஏழைகளுக்கு. 2023-இல் அந்தத் தொகை 1,200 ரூபாயானது. 2023 செப்டம்பர் 15 அன்று பக்கத்துக் காஞ்சிபுரத்தில்தான் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். சிறு தொகைதான் என்றாலும், மாத்திரைக்கும் வெற்றிலைக்கும் பேரனுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்கும் மகன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பது ஒரு பெண்ணின் முதுகை நிமிர்த்துகிற விஷயம்.

அதைவிடப் பெரிய மாற்றம் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம். மாமியார் மாங்காடு காமாட்சியைப் பார்க்க வேண்டுமென்றால் யாராவது கூட்டிப்போக வேண்டும், புருஷன் சரி என்க வேண்டும், வண்டி பூட்ட வேண்டும். மருமகள் எலுமிச்சம்பழத்தைக் கூடையில் போட்டுக்கொண்டு, வாரம் ஒன்றாக ஆறு வாரம் மாங்காட்டுக்குப் போய் வேண்டுதலை முடிக்கிறாள். சேக்கிழார் பிறந்த குன்றத்தூரில் முருகன் மலையேறுகிறாள். திருமழிசையில் பெருமாளைச் சேவிக்கிறாள். ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் உற்சவம் என்றால் கிளம்பிவிடுகிறாள். சாமி கும்பிடுவது ஒரு பாதி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளோடு பிள்ளை, மருமகள், முழங்கால் வலி என்று எல்லாவற்றையும் பேசித் தீர்ப்பது மறுபாதி. பெண் தன் விருப்பப்படி ஊர் சுற்றுவதை அரசு செலவு என்று கணக்குப் போடுகிறவர்கள் ஒருமுறை அந்த பஸ்ஸில் ஏறி அவள் முகத்தைப் பார்க்கட்டும்.

நூறு நாள் வேலையும் இந்த வகையில் ஒரு வரமாக இருந்தது. ‘ஏரி வேலைக்குப் போறேன்’ என்று கிளம்பிய கிழவிகளுக்குக் கூலி எவ்வளவு முக்கியமோ, மரத்தடியில் பத்துப் பேரோடு சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டதும் அவ்வளவு முக்கியம். மண்வெட்டியின் பெயரால் பழைய வரப்புக் கூட்டம் அங்கே திரும்பக் கிடைத்தது.

கூழும் கூத்தும்

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது தொண்டை நாட்டின் உயிர்ப்பான வழக்கம். ஆலைகள் வந்தும் அது அழியவில்லை. காப்புக் கட்டுவது, வேப்பிலைத் தோரணம், தலையில் கூழ்ப்பானை, கொழுக்கட்டை, முருங்கைக்கீரைப் பொரியல், கருவாட்டுக் குழம்பு எல்லாம் இன்றும் உண்டு. திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதக் கூத்தும் அர்ச்சுனன் தபசும் துரியோதனன் படுகளமும் தீமிதியும் உண்டு. மாமியார் கோணிப்பையை விரித்து விடிய விடியக் கூத்துப் பார்த்தாள். மருமகளும் பார்க்கிறாள், மகனுக்கு மறுநாள் காலை ஷிப்ட் என்பதால் அவன் பாதியில் எழுந்துபோகிறான்.

மற்ற நாட்களில் அவளுக்குத் தொலைக்காட்சி. 2006-க்குப் பிறகு அரசே வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. ‘மெட்டி ஒலி’ சீரியல் காலத்தில் நாலு வீட்டுப் பெண்கள் ஒரு வீட்டில் கூடிப் பார்த்துக் கூடி அழுதார்கள். வீட்டுக்கொரு பெட்டி வந்ததும் அந்தக் கூட்டம் கலைந்தது. சீரியல் அப்படியே இருக்கிறது. சேர்ந்து திட்டுவதற்குத்தான் ஆளில்லை.

தாய்வீட்டுச் சீரும் பத்திர ஆபீஸும்

உறவுகளின் வடிவமும் மாறிவிட்டது. மாமியார் காலத்தில் கட்டிக்கொடுத்த பெண் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வருவாள்; அண்ணன் தம்பி சீர் எடுத்துப் போவார்கள். சொத்தில் பெண்ணுக்குப் பங்கு என்ற பேச்சே எழாது. 1989-இல் தமிழ்நாடு பூர்விகச் சொத்தில் பெண்களுக்குச் சம உரிமை தந்தது. 2005-இல் நாடு முழுவதும் அது சட்டமானது. நிலத்துக்கு மதிப்பே இல்லாதவரை அந்தச் சட்டம் இங்கே ஏட்டில் இருந்தது. சிப்காட் தொழிற்பேட்டை வந்து விலை ஏறிய பிறகு, மகள்களின் கையெழுத்து இல்லாமல் பத்திரம் பதிவாகாது என்ற நிலை வந்தது. சில வீடுகளில் பங்கு நியாயமாகப் பிரிந்தது. சில வீடுகளில் அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்தினார்கள். நடுவில் நின்றவள் ஆயா. மகளுக்கு உரிமை கிடைத்ததில் அவளுக்குப் பெருமை உண்டு, பிள்ளைகள் பேசிக்கொள்ளாததில் துக்கமும் உண்டு.

ஆனாலும் பிரிந்தவர்களைச் சேர்க்கும் ஒன்று இருக்கிறது: ஏரி. 2015 டிசம்பர் 1 அன்று வினாடிக்கு 29,000 கன அடி அளவுக்குத் தண்ணீர் திறந்துவிடப்பட்டு அடையாற்றில் வெள்ளம் புரண்ட பிறகு, கார்த்திகையில் ‘செம்பரம்பாக்கம் 22 அடியைத் தாண்டியது’ என்று செய்தி ஓடும்போதெல்லாம் ஆயாவின் போன் அடிக்கத் தொடங்குகிறது. திருவண்ணாமலையில் இருக்கும் மகள், துபாயில் இருக்கும் பேரன், பேசாமல் இருந்த சின்னவன்கூட. “ஐந்து கண் மதகைத் திறந்திருக்காங்க, நம்ம தெருவுக்கு ஒன்னும் இல்ல” என்று அவள் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்கிறாள். அன்றைக்கு முழுவதும் அவள் குரலில் ஒரு தெளிவு இருக்கும்.

புது உறவுகளும் முளைத்திருக்கின்றன. வாடகை அறைகளில் விழுப்புரத்துப் பெண்களும் ஒடிசாப் பையன்களும் தங்குகிறார்கள். காய்ச்சல் என்றால் மிளகு ரசம் கொடுப்பவள் ஆயாதான். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதிக் கட்டடங்கள் திறக்கப்பட்டன. அந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஊரில் ஓர் ஆயாவோ அம்மாச்சியோ காத்திருப்பாள் என்பதையும் நினைக்க வேண்டும்.

ஜப்பானில் காலை ஆறரை மணி

இந்த வட்டாரத்தில் ஆலை வைத்திருக்கும் நாடுகளில் ஒன்று ஜப்பான். அங்கே மக்கள்தொகையில் நூற்றுக்கு இருபத்தொன்பது பேர் 65 வயதைக் கடந்தவர்கள். அந்த நாட்டிலும் பிள்ளைகள் வேலைக்காக நகரத்துக்குப் போனார்கள், கூட்டுக் குடும்பம் சுருங்கியது, கிழவிகள் தனித்துப்போனார்கள். அங்குள்ள ஏற்பாடுகளில் இரண்டு நமக்குப் பாடம். 1928-இல் தொடங்கிய வானொலி உடற்பயிற்சி இன்றும் காலை 6:30 மணிக்கு ஒலிக்கிறது. பூங்காக்களில் முதியவர்கள் அந்த நேரத்துக்குக் கூடுகிறார்கள். பயிற்சி சில நிமிடந்தான். அதை ஒட்டிய பேச்சும் சிரிப்பும்தான் அவர்களை மறுநாளும் வரவைக்கின்றன. 2000-இல் வந்த முதியோர் பராமரிப்புக் காப்பீடு, பகல்நேர மையங்களைப் பரவலாக்கியது: காலையில் வேன் வந்து கூட்டிப்போகும், மாலையில் வீட்டில் விடும்.

இங்கே வேன் பள்ளிக்கும் கம்பெனிக்கும் ஆள் ஏற்ற மட்டுமே வருகிறது. ஆயாவோ சம்பளமில்லாமல் அந்தக் கம்பெனிகளுக்கும் உழைக்கிறாள். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இன் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் சொன்னது. தாய் ஒரு நாளில் நாலு தடவை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்றும் சொன்னது. வீட்டில் ஆயா இருப்பதால்தான் அந்தக் காப்பகம் இல்லாத குறை யார் கண்ணிலும் படுவதில்லை. அவள் பேரனை வளர்ப்பது பாசத்தால். அந்தப் பாசத்தைக் கணக்கில் வராத இலவச வேலையாக எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2013-இன் கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதற்கான பட்டியலில் முதியோருக்கான பகல்நேர மையங்கள் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. ஒவ்வொரு ஊராட்சியிலும் மின்விசிறி, கழிவறை, குடிநீர், நாலு பாய், ஒரு டிவி உள்ள ஒரு கூடம் போதும். சத்தமாகச் சிரிக்கலாம், தாயம் உருட்டலாம், சீரியல் பார்த்துத் திட்டலாம். கூடவே ஆலைகளில் காப்பகம் உண்மையாகவே இயங்கினால், அங்கே வந்து உட்கார அவளுக்கு நேரமும் கிடைக்கும்.

மாமியாருக்கு இல்லாத காசையும் பஸ்ஸையும் மருமகளுக்குக் கொடுத்தது அரசும் காலமும். மாமியாருக்கு வாய்த்து மருமகள் இழந்துவிட்ட கூட்டத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்: அவள் நிலத்தில் ஆலை கட்டியவர்களும், அவள் கையால் சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போகிறவர்களும். பகலில் இரண்டு மணி நேரம் அவளுக்கே அவளுக்கென்று இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் வேலையை வரும் கிராமசபைக் கூட்டத்திலேயே அவளுடைய பேரப்பிள்ளைகள் தொடங்கலாம்.